நீர் நன்றாக வந்த ஆண்டில் பிள்ளைகளின் படிப்பு குறைகிறதா? டெல்டா அனுபவமும் அண்மைய ஆய்வுகளும்

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். நான் நீடாமங்கலம் பகுதியில் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் பணியாற்றுகிறேன். கல்வி, குழந்தை வளர்ச்சி ஆகியவை பற்றிய அண்மைய ஆய்வுகளைக் கோடை விடுமுறையில் வாசித்தபோது, நம் பகுதிக்காரர்கள் கூடிப் பேசியே ஆக வேண்டிய ஒரு கட்டுரை கண்ணில் பட்டது.

மணிஷா ஷா, பிரைஸ் ஸ்டைன்பெர்க் என்னும் பொருளியல் ஆய்வாளர்கள் இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வு அது. பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று நடத்திவரும் அசர் கணக்கெடுப்பில், பிள்ளைகளின் வாசிப்பும் கணக்கும் சோதிக்கப்படுகின்றன. அந்த மதிப்பெண்களை அந்தந்த மாவட்டத்தின் மழையளவோடு அவர்கள் பொருத்திப் பார்த்தனர். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் பள்ளி வயதுப் பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்திருந்தது. வறட்சி ஆண்டில் கூடியிருந்தது. பள்ளிப் பருவத்தில் நல்ல மழையை அதிகம் கண்டவர்கள், வளர்ந்த பின் கணக்கிட்டால், மொத்தத்தில் குறைந்த ஆண்டுகளே படித்திருந்தனர். அதே சமயம், கருவில் இருந்த காலம் தொடங்கி ஏறத்தாழ மூன்று வயது வரை நல்ல மழையைக் கண்ட குழந்தைகள் பின்னாளில் மேலான மதிப்பெண் பெற்றனர்.

அவர்கள் கூறும் காரணம் எளிமையானது. மழை பெய்தால் வேலை பெருகுகிறது, கூலி உயர்கிறது. பள்ளியில் கழியும் நேரத்தை வேலையில் கழித்தால் வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய ஆதாயமும் கூடுகிறது. ஆகவே எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள்கூட வயலுக்கோ, வீட்டு வேலைக்கோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்கோ இழுக்கப்படுகிறார்கள். கைக்குழந்தைக்கு அப்படி ஒரு வேலை இல்லை. வீட்டுக்கு வரும் கூடுதல் வருமானம் அதற்கு உணவாகச் சேர்கிறது.

மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படுவது மரபு. நம் பள்ளிகள் திறப்பதும் ஜூன் மாதத்தில்தான். நாற்றங்காலும் நடவும் முதல் பருவப் படிப்பும் ஒரே வாரங்களில் மோதிக்கொள்கின்றன. நீர் நேரத்தோடு வந்த ஆண்டுகளில் உங்கள் ஊர்ப் பள்ளிகளில் வருகை எப்படி இருந்தது, படிப்பு எப்படி இருந்தது என்பதை அறிய விரும்புகிறேன்.


கடைமடை விவசாயி:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில் எங்கள் நிலம் இருக்கிறது. நீங்கள் சொன்ன ஆய்வை முழுமையாக மதிக்கிறேன். ஆனாலும் அதை அப்படியே தூக்கி வந்து டெல்டாவில் நட முடியாது.

உள்ளூர் மழையை வைத்து எங்கள் கூலியை அளக்க முடியாது என்பது முதல் காரணம். எங்களுக்கு நீர் தருவது குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அது மேட்டூரில் 120 அடிக்குத் தேங்கி, கல்லணையில் பிரிந்து, எங்களிடம் வந்து சேர வாரங்கள் ஆகின்றன. 2020இல், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, ஜூன் 12 அன்று அணை திறந்தார்கள். 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். 2023இல் ஜூன் 12இல் திறந்தும் நீர் தொடர்ந்து கிடைக்காமல் குறுவை கருகியது. இவற்றில் எதையும் திருவாரூர் மாவட்டத்தின் மழைமானி காட்டாது. எங்கள் மாவட்டத்தில் மழை கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். அது அளவு மீறினால் சம்பா மூழ்கும், வேலை பெருகாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த ஆண்டைக் கூட அப்படிப்பட்ட கணக்கில் ‘நல்ல மழை’ என்று யாரேனும் சேர்த்தால் எனக்கு வியப்பில்லை.

இரண்டாவதாக, பிள்ளைகள் வயலில் இறங்கி வேலை செய்த காலம் இங்கே பெரும்பாலும் போய்விட்டது. அறுப்புக்கு இயந்திரம் வந்து வெகு நாளாகிறது. பாய் நாற்றங்காலும் நடவு இயந்திரமும் பரவிவிட்டன. கை நடவுக்கு வடமாநிலத் தொழிலாளர்கள் குழுவாக வருகிறார்கள். எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளை நாற்று முடி தூக்குவதை நான் பார்த்து நெடுங்காலம் ஆகிறது. அப்படியிருக்க, கூலி உயர்ந்தால் பிள்ளை வேலைக்குப் போகும் என்னும் விளக்கம் இங்கே எதன் மேல் நிற்கும்?


அளவுகோல்:

தஞ்சாவூரில் கல்வியியல் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். விவசாயி ஐயா எழுப்பிய முதல் கேள்வி மிகச் சரியானது. அந்த ஆய்வு நாடு முழுவதற்குமான சராசரியைச் சொல்கிறது; இந்தியக் கிராமங்களில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி என்பதால் மழையும் கூலியும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. டெல்டாவுக்கு அதைச் சோதிக்க வேண்டுமானால் மழையளவை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு கிளை ஆற்றிலும் நீர் வந்து சேர்ந்த நாளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆண்டில் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வேறுபாடே நல்ல ஒப்பீட்டைத் தரும்.

இரண்டாவது கேள்வியில்தான் நான் சற்று மாறுபடுகிறேன். அந்த ஆய்வின் மையக் கருத்து நேரத்தைப் பற்றியது. அது பிள்ளையின் நேரத்தோடு மட்டும் நின்றுவிடாது. பிள்ளை வயலில் இறங்காவிட்டாலும், அம்மா இறங்குகிறார். களை பறிப்பும், இயந்திரம் நட்ட வயலில் விடுபட்ட இடங்களை நிரப்புவதும், உளுந்து பறிப்பும் இன்றும் பெண்களின் கையில்தான் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு அம்மா கிளம்பிவிட்டால், அந்த வீட்டில் மூன்று வயதுக் குழந்தையோடு பேசுவதற்கு யார் இருக்கிறார் என்பதே என் கேள்வி.

இது சாதாரணக் கேள்வி அன்று. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஏழைக் குடியிருப்புகளில் 1986-87இல் சாலி கிரந்தம்-மெக்கிரெகரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். வயதுக்கேற்ற உயரம் இல்லாத, ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையிலான 129 குழந்தைகளை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குச் சத்துணவு மட்டும், இன்னொன்றுக்கு வாரம் ஒரு முறை சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, வீட்டிலேயே செய்த பொம்மைகளைக் கொண்டு குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டுதல், மூன்றாவதுக்கு இரண்டும், நான்காவதுக்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுகள் மட்டுமே இது நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் பெற்றவர்களின் வருமானம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பால் கெர்ட்லர் உள்ளிட்டோர் 2014இல் இதை வெளியிட்டனர். சத்துணவு மட்டும் பெற்ற பிரிவில் அப்படிப்பட்ட நீண்டகாலப் பலன் தெரியவில்லை.

வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் அந்தப் பணியாளர் அந்த வீட்டில் இருந்தார். மீதி நாட்களில் தாய் குழந்தையோடு கழித்த நேரம்தான் மாறியது.


பாப்பா டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். ஆராய்ச்சிகளைப் படித்தவள் இல்லை; ஆனால் அந்தத் தங்கை கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

நடவும் களையும் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் எங்கள் மையத்துக்குப் பிள்ளைகள் வழக்கத்தைவிட அதிகமாக வருவார்கள். எட்டரை மணிக்கு நான் கதவைத் திறக்கும்போதே வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்காம் வகுப்புப் பெண் நிற்பாள்; என்னிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவாள். குழந்தை அழுகையை நிறுத்தவில்லை என்றால் அவளும் அன்று பள்ளிக்குப் போகாமல் இங்கேயே உட்கார்ந்துவிடுவாள். பள்ளியில் அவளுக்கு அன்று ‘வரவில்லை’ என்று பதிவாகும். அவள் எந்த வேலைக்கும் போகவில்லை, அதுவும் உண்மைதான்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருப்பேன் என்றும் சொல்கிறேன். எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், அதைக் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். உதவியாளர் அம்மா சமையலில் இருப்பார். சாப்பாடு முடிந்து பாய் விரித்துப் படுக்க வைத்தால் பொழுது போய்விடும். பாட்டு, கதை, நிற அட்டை எல்லாம் அட்டவணையில் இருக்கின்றன. அரை மணி நேரம் அதற்குக் கிடைத்த நாள் நல்ல நாள்.


அளவுகோல்:

டீச்சர் அம்மா, நீங்கள் விவரித்த நிலையைத் தமிழ்நாட்டிலேயே நேராக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூவரும் நம் மாநிலத்தின் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டனர். சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, பாதி மையங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் அரை நாள் பணிக்கு ஒருவரைக் கூடுதலாக அமர்த்தி, முன்பருவக் கல்வியை அவர் பொறுப்பில் விட்டனர். பழைய பணியாளர் உணவு, எடை, பதிவேடு ஆகியவற்றைக் கவனித்தார்.

பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு சோதித்தபோது, மையத்தில் தொடர்ந்து இருந்த பிள்ளைகளின் மதிப்பெண் கணக்கில் 0.29 திட்ட விலக்க அளவும், மொழியில் 0.46 திட்ட விலக்க அளவும் உயர்ந்திருந்தது. மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவே திட்ட விலக்கம். கல்வி ஆய்வுகளில் 0.2ஐத் தாண்டினாலே பெரிதாக எண்ணுவார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் இதன் அளவு புரியும். என்னை மிகவும் ஈர்த்தது அதைவிட வேறொன்று: அந்த மையங்களில் உயரக் குறைவும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்தன. கூடுதல் உணவு எதுவும் அங்கே வழங்கப்படவில்லை. பழைய பணியாளருக்கு உணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. புதிய பாடத்திட்டம், புதிய செயலி, புதிய பயிற்சி என்று ஒவ்வோர் ஆண்டும் அவற்றின் மேல் ஏதேனும் ஒன்று ஏற்றப்படுகிறது. இன்னொரு மனிதரை அங்கே அனுப்புவது பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.


மன்னை வாசகர்:

இந்த உரையாடல் உணவின் இடத்தைக் குறைத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். ஜமைக்கா ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு ‘சத்துணவால் நீண்டகாலப் பலன் இல்லை’ என்னும் எண்ணம் பரவினால் அது தவறாகப் போய்விடும்.

குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் நடந்த ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு கிராமங்களில் ‘ஆத்தோலே’ என்னும் புரதம் மிகுந்த கஞ்சி வழங்கப்பட்டது. மற்ற இரண்டில் புரதம் இல்லாத இனிப்புப் பானம். இரண்டு வயதுக்கு முன் அந்தக் கஞ்சியைக் குடித்த ஆண் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது, அவர்களின் மணிக்கூலி சராசரியைவிட 46 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2008இல் வந்த முடிவு இது. ஜமைக்காவில் ஏற்கெனவே வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பிற்பாடு கொடுத்தார்கள். குவாத்தமாலாவில் கிராமம் முழுவதற்கும், கருவுற்ற தாய்மார் உட்பட, தொடக்கத்திலிருந்தே கொடுத்தார்கள். எப்போது, யாருக்கு என்பதைச் சொல்லாமல் உணவையும் பேச்சையும் தராசில் வைப்பது பொருந்தாது.

நம் மண்ணுக்கு இதில் தனிப் பெருமை உண்டு. எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகை மாவட்டத் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. இந்தியா முழுவதற்குமான ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. சிறுமியாக இருந்தபோது பள்ளியில் மதிய உணவு முழுமையாகக் கிடைத்த பெண்களின் குழந்தைகள், அது கிடைக்காத பெண்களின் குழந்தைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தில் 0.40 திட்ட விலக்க அளவு மேலே இருந்தனர் என்று அது கண்டது. அந்தச் சோறு அடுத்த தலைமுறைக் குழந்தைகளின் உயரத்தில் தெரிகிறது. நடவுக்குப் போகும் அம்மா விடிகாலையில் சமைக்க முடியாத வாரங்களில், காலை உணவின் அருமை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.


பாப்பா டீச்சர்:

அந்த ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பசித்த பிள்ளை பாட்டுப் பாடாது.


களத்துமேடு:

நான் ஆசிரியர் இல்லை. குடவாசல் அருகே ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவ காலத்தில் வேலை செய்கிறேன். பேச்சு சின்னக் குழந்தைகளைச் சுற்றியே இருப்பதால், பத்து வயதுப் பிள்ளைகளைப் பற்றி நான் பார்த்த ஒன்றை எழுதுகிறேன்.

அறுவடைக் காலத்தில் அப்பாவோடு நெல்லுக்குக் காவலாக வரும் பையன் ஒருவன் இருக்கிறான். ஐந்தாம் வகுப்பு. நிலையத்தில் நாற்பது கிலோ சிப்பம். வெளி வியாபாரி எடுப்பது அறுபது கிலோ மூட்டை. ‘வியாபாரி கணக்கில் 24 மூட்டை, இங்கே எத்தனை சிப்பம் வரும்?’ என்று கேட்டேன். நான் வாய் மூடுவதற்குள் ‘முப்பத்தாறு’ என்றான். எப்படி என்று கேட்டால், ‘ரெண்டு மூட்டைக்கு மூணு சிப்பம், பன்னெண்டு தடவை’ என்றான். மூன்று மா ஒரு ஏக்கர் என்பதை வைத்து, ஏழு மா நிலத்துக்கு அறுவடை இயந்திர வாடகை என்ன வரும் என்பதையும் சொல்கிறான். அதே பையனின் நோட்டில் 24ஐ 60ஆல் பெருக்கி 40ஆல் வகுக்கும் கணக்கை எழுதிக் கொடுத்தேன். பெருக்கலில் இடம் மாற்றிப் போட்டு, வகுத்தலைத் தொடாமலே நோட்டை மூடிவிட்டான். பள்ளியில் அவன் ‘கணக்கு வராத பையன்’. இதற்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன?


அளவுகோல்:

நீங்கள் கண்ணால் கண்டதை 2025 பிப்ரவரியில் நேச்சர் இதழ் வெளியிட்டிருக்கிறது என்றே சொல்லலாம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, எலிசபெத் ஸ்பெல்கே உள்ளிட்டோர் கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைக் கடைகளில் வேலை செய்யும் ஏறத்தாழ 1,400 பிள்ளைகளைச் சோதித்தனர். ஒரு பொருள் 800 கிராம், இன்னொன்று 1.4 கிலோ என்று விசித்திரமான அளவில் வாங்கினாலும், பெரும்பாலான பிள்ளைகள் துண்டுச்சீட்டோ கருவியோ இல்லாமல் சரியான விலையும் மீதியும் சொன்னார்கள். அதே கடினத்தில் பள்ளிப் பாணியில் தாளில் கொடுத்தபோது தடுமாறினார்கள். மறுபுறம், சந்தை அனுபவம் இல்லாத பள்ளிப் பிள்ளைகள் தாள் கணக்கைச் செய்தார்கள். சந்தைக் கணக்கில் தோற்றார்கள். ஒரு பக்கத்துத் திறமை மறுபக்கத்துக்குத் தானாகக் கடக்கவில்லை.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் 1985இலேயே இதற்கு முன்னோடியான ஆய்வு ஒன்று வந்தது. தெருவில் தேங்காய் விற்ற சிறுவர் போன்ற ஐந்து பேர் மட்டுமே அதில் பங்கேற்றனர். விற்பனையின்போது 98 விழுக்காடு சரியாகச் செய்தவர்கள், வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காடு மட்டுமே சரியாகச் செய்தனர்.

இதைப் படித்துவிட்டு ‘வயலிலிருந்தே கணக்கைத் தொடங்கிவிட்டால் போதும்’ என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அதற்கும் எச்சரிக்கை உண்டு. தில்லியில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பருவப் பிள்ளைகளுக்கு எண்ணளவு, வடிவம் சார்ந்த விளையாட்டுகளைக் கொடுத்தார்கள். எண்ணளவை உணரும் திறன் உயர்ந்தது, ஓராண்டுக்கும் மேல் நிலைத்தது; ஆனால் முதல் வகுப்புப் பாடக் கணக்கில் அதனால் முன்னேற்றம் வரவில்லை. ஆகவே ‘ரெண்டு மூட்டைக்கு மூணு சிப்பம்’ என்று அந்தப் பையன் சொல்லும்போது, அருகில் இருக்கும் பெரியவர் அதைத் தாளில் எழுதிக் காட்டி, ‘நீ இப்போது செய்தது இதுதான்’ என்று இணைத்துக் கொடுத்தாக வேண்டும். அந்த இணைப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே நேரம் கேட்கும். நாற்பது நிமிடப் பாடவேளையில் வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிட முடியாது.


வெண்ணாற்றங்கரை:

பள்ளிக்குள் நடப்பதை நான் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் இருவர் சேர்ந்து ஐந்து வகுப்புகளை நடத்துகிறோம். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். இந்த எண்ணத்துக்குப் பின்னால் இருபது ஆண்டு ஆய்வு இருக்கிறது. பிரதம் அமைப்பு மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை பின்தங்கிய பிள்ளைகளுக்கு உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டு தனியே கற்பித்தது. முதல் ஆண்டில் 0.14, இரண்டாம் ஆண்டில் 0.28 திட்ட விலக்க அளவு மதிப்பெண் உயர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அதற்கு இப்போது என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்குவதுதான் அதன் சாரம்.

நம் வகுப்பறைகள் நெடுங்காலமாக முன்வரிசைக்கே பாடம் நடத்தின. தலைமடையில் நீர் நிறைந்தால் கடைமடைக்குத் தானாக வந்துவிடும் என்று நம்புவது எப்படியோ, அப்படி. விவசாயி ஐயாவுக்கு அது எவ்வளவு உண்மை என்று தெரியும்.

கொரோனாக் காலத்துக்குப் பிறகு நம் மாநிலக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த ஆய்வு எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் செய்தது. 2021 டிசம்பரில், 2019இல் அதே ஊர்களில் இருந்த அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், கணக்கில் 0.73 திட்ட விலக்க அளவும், தமிழில் 0.34 அளவும் இழப்பு இருந்தது. பள்ளிகள் திறந்த ஆறே மாதங்களில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காட்டுக்கு இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகள் காரணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளே அதிகமாக இழந்தார்கள்; விரைவாக மீண்டவர்களும் அவர்களே.

அந்த மாலை வகுப்பு எங்கள் ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்தது. அம்மா களையெடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆய்வாளர்கள் அளந்த பலன் அந்த ஒரு மணி நேரத்தின் பலன்தான்.


பட்டுக்கோட்டைப் பெற்றோர்:

வணக்கம். என் மகள் தனியார் பள்ளியில் படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு பேச்சாளர் வந்து மிட்டாய்ச் சோதனை பற்றி ஒரு மணி நேரம் பேசினார். ‘இப்போது ஒரு மிட்டாய், காத்திருந்தால் இரண்டு, காத்திருந்த குழந்தையே வாழ்வில் வென்றது, ஆகவே பிள்ளைகளுக்குப் பொறுமையைப் பழக்குங்கள்’ என்பது அவர் சொன்னதன் சுருக்கம். மனித வளர்ச்சி ஆய்வு என்றாலே நகரத்துப் பெற்றோருக்கு இதுதான் வந்து சேர்கிறது. இது எவ்வளவு தூரம் நிற்கும்?


அளவுகோல்:

உளவியலாளர் வால்டர் மிஷெலின் அந்தச் சோதனையை 2018இல் டைலர் வாட்ஸ் உள்ளிட்ட மூவர் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தனர். தொடர்பு முன்பு சொல்லப்பட்டதில் பாதியளவே இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது.

அதைவிடப் பெற்றோருக்குப் பயன்படக்கூடியது 2013இல் வந்த ஒரு சிறிய ஆய்வு. செலஸ்ட் கிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 28 குழந்தைகளை இரு பிரிவாக்கி, மிட்டாய்க்கு முன்பே ஒரு வாக்குறுதி தந்தார்கள்: நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன், காத்திரு என்று. ஒரு பிரிவில் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மறுபிரிவில் வெறுங்கையோடு திரும்பினார்கள். பிறகு மிட்டாய்ச் சோதனை வைத்தபோது முதல் பிரிவுக் குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தன; இரண்டாவது பிரிவுக் குழந்தைகள் மூன்று நிமிடம். பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று குழந்தைக்குத் தெரிந்திருந்ததா என்பதே அங்கே வேறுபாடு. வாரக் கூலி வருமா வராதா என்று தெரியாத வீட்டில் வளரும் குழந்தையைப் ‘பொறுமை இல்லாதது’ என்று எந்தப் பேச்சாளரும் முத்திரை குத்தக் கூடாது.


கடைமடை விவசாயி:

எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தேன். இப்போது என் கேள்வி மாறுகிறது. நீர் வந்தால் வேலை வரும், வேலை வந்தால் அம்மா போவார். அவர் போகாமல் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது, அந்தக் கூலியில்தான் வீடு நடக்கிறது. அந்த வாரங்களில் அம்மாவின் இடத்தில் குழந்தையோடு இருக்க ஒரு பெரியவரை ஊர் தர முடியுமா என்பதே கேள்வி. அங்கன்வாடியில் அரை நாள் கூடுதல் ஆள் என்பதை ஆண்டு முழுவதற்கும் அரசு தர வேண்டும். அது வரும் வரை, நடவுக்கும் உளுந்துப் பறிப்புக்கும் சேர்த்து ஆண்டில் எட்டு அல்லது பத்து வாரங்களுக்காவது, ஊராட்சியோ பாசனதாரர் சங்கமோ ஒரு பெண்ணுக்கு ஊதியம் கொடுத்து மையத்தில் அமர்த்தலாம். நடவு இயந்திரத்துக்கு மானியம் கேட்டு மனுக் கொடுக்கிற நாங்கள் இதற்கும் கொடுக்கலாம்.

எந்த வாரம் என்பதைச் சென்னையிலிருந்து தீர்மானிக்க முடியாது. ஒரே ஒன்றியத்துக்குள் எங்கள் வாய்க்காலுக்கும் அடுத்த வாய்க்காலுக்கும் பத்து நாள் வேறுபாடு வரும்.


வெண்ணாற்றங்கரை:

நல்ல யோசனை, ஐயா. மனு கொடுப்பதற்கு முன் நம் கையில் கணக்கு இருந்தால் பேச்சுக்கு வலு கூடும். இந்தக் குறுவையில் தொடங்கி, இந்த இழையில் இருக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பள்ளிக்குக் கீழ்க்கண்டவற்றைக் குறித்துவைக்க வேண்டுகிறேன். ஊர் வாய்க்காலில் நீர் வந்த நாள். நடவும் களையும் நடந்த வாரங்கள். அந்த வாரங்களில் வகுப்புவாரியான வருகை, பெண் பிள்ளைகளையும் ஆண் பிள்ளைகளையும் தனித்தனியாக. வராத பிள்ளை அன்று எங்கே இருந்தது என்பது. கடைசியாகச் சொன்னது எமிஸ் என்னும் அரசின் பள்ளித் தகவல் பதிவில் இல்லை, ஆனால் அதுதான் நமக்கு முதன்மையானது. பிள்ளையின் பெயரை எங்கும் எழுத வேண்டாம். வகுப்பும் வயதும் போதும். ‘தம்பியைப் பார்த்துக்கொண்டது’ என்ற காரணத்தைத் தனியாகக் குறியுங்கள், ‘வீட்டு வேலை’ என்பதற்குள் போட்டுவிட வேண்டாம். தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் எல்லாவற்றையும் இங்கேயே சேர்த்துப் பார்ப்போம். அளவுகோல் சகோதரி அட்டவணையின் மாதிரி ஒன்றை அமைத்துத் தந்தால் நன்றாக இருக்கும்.


அளவுகோல்:

இந்த வார இறுதிக்குள் தந்துவிடுகிறேன், ஐயா. ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: நடவு நடக்காத இரண்டு வாரங்களின் வருகையையும் அதே முறையில் எடுத்துவையுங்கள். அது இல்லாமல் எதோடும் ஒப்பிட முடியாது.


பாப்பா டீச்சர்:

நானும் எழுதி வைக்கிறேன். மையத்தில் குழந்தையை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போன அக்காமார் எத்தனை பேர், போகாமல் இங்கேயே உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று தினமும் இரண்டு எண்கள். அது எந்தச் செயலியிலும் கேட்கப்படவில்லை. என் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். எங்கள் வாய்க்காலில் நேற்று மாலை நீர் வந்துவிட்டது, அதனால் நாளையிலிருந்தே தொடங்குகிறேன்.